எழுந்தால் நகரும் கப்பல்

கொளஞ்சிநாதனிடம் எதையும் ஒரு முறை சொன்னால் போதும். இரண்டாம் முறை கேட்க மாட்டார். சந்தேகப்படவும் மாட்டார். முப்பத்தாறு வருஷம் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரில் வேலை பார்த்தவர். வாளிகள் கட்டிய சக்கரத்தால் மண்ணை வெட்டிப் பெல்ட்டில் கொட்டும், ஆறு மாடி உயர மெஷின். அதன் கேபினில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு வெளியுலகம் என்பது ஒரு வயர்லெஸ் பெட்டிதான். "பெல்ட் ஓடுது" என்று குரல் வந்தால் சக்கரத்தைச் சுற்றவிட வேண்டும். "பெல்ட் நிக்குது" என்றால் நிறுத்த வேண்டும். போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ள வழியில்லை. பெல்ட்டின் மறுமுனை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சொன்னதை நம்பியே சம்பாதித்தார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்தது.

அவருடைய ஒரே மகள் எழில்மதி, தான் நாற்காலியை விட்டு எழுந்தால் கப்பல் நகர்ந்துவிடும் என்று ஒரு நாள் சொன்னாள். சொன்னது ஒரே ஒரு முறை. அதையும் நம்பினார்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் அவருடையது. அதற்காகக் கிடைத்த வேலை. இருபத்து நாலு வயதில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஆறு வருஷத்தில் ஆபரேட்டர் சீட்டுக்கு வந்தார். பல வருஷம் கழித்து சுரங்கம் விரிந்து விரிந்து, அவர்கள் வீட்டு நிலம் இருந்த இடத்துக்கே அவருடைய மெஷின் வந்து சேர்ந்தது. அன்று மதிய ஷிப்ட் அவருடையது. வீட்டுக்கு வந்ததும் மனைவி திலகவதி, எப்படி இருந்தது என்று கேட்டாள். "மண்ணு கொஞ்சம் ஈரமா இருந்துச்சு, பக்கெட்ல ஒட்டிக்கினே வந்துச்சு" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் சீட்டு. அடுத்த ஷிப்டுக்கு வரும் ரிலீவர் மேலே ஏறி வந்து, லீவரில் கை வைத்த பிறகுதான் எழுந்திருப்பார். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு ரிலீவராக இருந்தவர் ராஜாங்கம். ஏணி ஏறி மூச்சு வாங்க வந்து, சூடாக இருக்கும் சீட்டில் உட்கார்ந்து, "ஏன்டா, கோழி மாதிரி அடை காத்து வெச்சிருக்கியா" என்று தினமும் கேட்பார். கொளஞ்சிநாதன் தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: "பொரிச்சதும் உனக்கு ஒண்ணு தரேன்."

அந்த மெஷின்காரர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. கேபினில் இருப்பவனுக்கு வீட்டுச் சேதியை மேலே ஏற்றக் கூடாது. கல்யாணமோ சாவோ, ஷிப்ட் முடிந்து கடைசிப் படியில் கால் வைத்த பிறகுதான் சொல்வார்கள். சேதி கேட்டு யாருக்கோ கை தடுமாறி, சக்கரம் மண்சுவரில் ஆழமாக இறங்கிவிட்டதாகப் பழைய ஆட்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். நடந்ததோ இல்லையோ, வழக்கம் நிலைத்துவிட்டது. எழில்மதி பிறந்தது ஒரு காலை ஒன்பது மணிக்கு. சேதி அவருக்குக் கிடைத்தது இரண்டு மணிக்கு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். திலகவதிக்கு முப்பது வருஷமாக அது ஆறாத கோபம்.

"புள்ள பொறந்து அஞ்சு மணி நேரம் கழிச்சு வந்து நிக்கிறாரு. கேட்டா, பெல்ட் ஓடிக்கினு இருந்துச்சாம்."

பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எழில்மதி, மெஷின்காரர் மகளாக எஞ்சினியரிங் படிப்பாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, சென்னைக்குப் போய்க் கப்பல் படிப்பில் சேர்ந்தாள். சில வருஷம் எண்ணெய்க் கப்பலில் இருந்தாள். பிறகு கடலில் காற்றாலை நடுகிற பக்கம் போனாள்.

அங்கே வேலை வேறு மாதிரி. கடலுக்குள் நிற்கும் காற்றாலைக் கோபுரத்துக்கு இருபது மீட்டர் தள்ளிக் கப்பல் நிற்கும். கப்பலிலிருந்து ஒரு நடைபாலம் நீண்டு கோபுரத்தைத் தொடும். பழுது பார்க்கிறவர்கள் பெட்டியும் கையுமாக அதில் நடந்து போவார்கள். பாலம் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கக் கப்பல் அசையாமல் நிற்க வேண்டும். நங்கூரம் போடக் கூடாது. அடியில் மின்சாரக் கேபிள்கள் ஓடுகின்றன. செயற்கைக்கோளையும், கோபுரத்தில் பட்டுத் திரும்பும் லேசரையும், காற்றையும் பார்த்து, கப்பலுக்கு அடியில் இருக்கும் எந்த உந்துவிசிறியை எவ்வளவு சுழற்றுவது என்று ஒரு கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. இதற்கு டிபி என்று பெயர். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் டிபி ஆபரேட்டர்.

அந்தச் சான்றிதழுக்கு இரண்டரை வருஷம் ஆனது. மும்பையில் ஒரு வகுப்பு, பிறகு கடலில் நாட்கள், பிறகு சிமுலேட்டர், மறுபடி கடலில் நாட்கள், ஒவ்வொன்றுக்கும் கேப்டனின் கையெழுத்து. சிமுலேட்டர் பரீட்சையில் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செயற்கைக்கோள் சிக்னலை அணைத்தார். அலாரம் கத்தியது. எழில்மதி அதை அமுக்கிவிட்டு, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கப்பலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். திரையில் கப்பல் ஒன்பது மீட்டர் விலகி, பாலம் பிய்ந்தது. கப்பல் மற்ற சிக்னல்களை வைத்து நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது, நகர்த்தியது நீங்கள்தான் என்றார் பயிற்சியாளர். அலாரத்தை அமுக்குவதற்கு முன்னால் படியுங்கள் என்றும் சொன்னார். அவள் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தபோது விடுமுறையில் இருந்தாள். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் கட்டிய வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. இருந்தும் பார்த்தார்.

நங்கூரம் இல்லாமல் எப்படி நிற்கும் என்று கேட்டார். அவள் விளக்கினாள். ஒரு தட்டையும் இரண்டு டம்ளரையும் வைத்துக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்குதா?"

"ஆமாப்பா."

"அப்ப நீ எதுக்கும்மா?"

அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதிலும் இருந்தது: கம்ப்யூட்டர் தப்பு செய்யும் அந்த ஒரு நிமிஷத்துக்காக மற்ற எல்லா நிமிஷமும் ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அப்படிப் பார்க்க ஒருவர் போதாது என்பதால் ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேர் இருப்பார்கள், மணிக்கு ஒரு தடவை மாறிக்கொள்வார்கள். இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டரை வருஷம் சுருக்கென்று குத்தியது. முப்பது வயதுப் பெண், பத்து வயதுப் பெண்ணைப் போல வீம்பாகச் சொன்னாள்.

"நான் சீட்டை விட்டு எழுந்தா கப்பல் நகர்ந்துடும்பா."

அவர் முகம் மாறியது. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் மெதுவாகத் திரும்பச் செருகினார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. ரிலீவர் எப்ப வருவாரு?"

கப்பலுக்கு மாற்று ஆள் வருவதைக் கேட்கிறார் என்று நினைத்து, "அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை" என்றாள்.

"அஞ்சு வாரமா" என்றார். அந்தக் குரலில் இருந்தது மரியாதை. ஒரு மெஷின்காரர் இன்னொரு மெஷின்காரருக்குத் தருகிற மரியாதை. அவளுக்கு அது இனித்தது. திருத்தவில்லை.

அன்றிலிருந்து, அவள் கப்பலில் இருக்கும் ஐந்து வாரமும் அவர் தானாகப் போன் செய்வதை நிறுத்தினார். அவள் அழைத்தாலும் அரை நிமிஷம்தான். சாப்பிட்டியா, குளிரா, சரி வேலையைப் பாரு. விடுமுறையில் வந்தால் மணிக்கணக்காகப் பேசுவார். அவள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வயதாகிறது, போன் பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவரோ வடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அத்தனை பேரிடமும், மகள் எழுந்தால் கப்பல் நகர்ந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார். ராஜாங்கம் மட்டும் விடாமல், அஞ்சு வாரம் அந்தப் பெண் தூங்காதா என்று கேட்டிருக்கிறார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

நெஞ்சுவலி வந்தது போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ரிட்டயர் ஆனவர்களுக்கும் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரிதான். சேர்த்தார்கள். எழில்மதி அப்போது வடகடலில், டென்மார்க் பக்கம். அவள் இறங்கப் பதினோரு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். வீடியோ வேண்டாம், டவர் சரியில்லை என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பின்னால் ஒரு சத்தம், ஒரே இடைவெளியில், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா சத்தம்?"

"யூபிஎஸ் கத்துதும்மா. கரண்டு இல்ல. ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்துட்டு நாம இருட்டுல குந்திகினு இருக்கோம்."

அவள் சிரித்தாள். வேலையைப் பாரு என்றார். வைத்துவிட்டார்.

அலாரச் சத்தங்களை வைத்துப் பிழைக்கிறவள் அவள். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் படிக்காமல் அமுக்கினால் கையில் அடிக்காத குறையாகத் திட்டுவாள். யூபிஎஸ் எப்படிக் கத்தும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அது இல்லை என்றும், யோசித்திருந்தால், தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் காலை கேப்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். வடலூரிலிருந்து சித்தப்பா மகன் கம்பெனிக்கு அழைத்திருந்தான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதுதான் கொடுமை. டிபி சான்றிதழ் உள்ளவர்கள் அவளோடு சேர்த்து அந்தக் கப்பலில் ஐந்து பேர். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் தன் காபிக் கோப்பையோடு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள் மாற்றும் சிறுபடகு ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. அவள் இறங்கும்போது நடைபாலம் கோபுரத்தைத் தொட்டபடியே இருந்தது. இரண்டு பேர் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். படகின் பின்பக்கத்தில் நின்று பார்த்தாள். ஓரளவு அலை இருந்தது. படகு ஆடியது. தூரத்தில் அந்தக் கப்பல் அறைந்த ஆணி போல நின்றது. கண்ணுக்கு எட்டும் வரை நின்றது.

துறைமுகத்தில் இறங்க நாலு மணி நேரம். வடலூர் வந்து சேர முப்பத்தொரு மணி நேரம். அப்பாவை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தார்கள்.

திலகவதி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து வந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் வார்த்தை:

"அங்க கப்பல யாருடி பாத்துக்கிறாங்க?"

எழில்மதி வாயைத் திறப்பதற்குள் அத்தைகள் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பதில் நின்றுபோனது. அதற்கு அடுத்த கேள்வி என்ன என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்னாலேயே சொல்லியிருந்தால் வந்திருப்பாயா என்று அம்மா ஒரு நாள் கேட்பாள். அந்த நாளைத் தள்ளிப்போட, பந்தல், பாத்திரம், சாமான் பட்டியல் என்று கையில் எப்போதும் ஒரு வேலையை வைத்துக்கொண்டாள்.

அவர் போன பத்தாம் நாள் வாக்கில், மதியம், அரிசி புடைத்தபடியே திலகவதி தானாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயிருக்கிறாள். மகள் பெயரை அமுக்கி, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டாள்.

"பாலத்துல ஆளுங்க நடந்துகினு இருப்பாங்களே, நீ எழுந்து ஓடி வந்தா அவங்க கதி என்னான்னு தோணிடுச்சு. திரும்பி வந்து குந்திட்டேன்."

எழில்மதி முறத்தை வாங்கி, கல் பொறுக்க ஆரம்பித்தாள். அரிசியில் கல்லே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ராஜாங்கம் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எழில்மதி வண்டி வரைக்கும் கூடவே போனாள். அவர் சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் நின்றார்.

"கடைசி ரெண்டு நாளும் நான்தாம்மா கூட இருந்தேன். அவ ரிலீவர் வர்றதுக்கு இன்னும் எத்தன நாளுன்னு கேட்டுகினே இருந்தான். விரல மடக்குவான். அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆவாதுடான்னான்."

ராஜாங்கம் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னேன், ரிலீவர் இல்லாத மெஷின் ஒலகத்துல எங்கடா இருக்குதுன்னு. வாய மூடுன்னுட்டான். நான் தப்பாம்மா?"

"இல்ல அங்கிள்."

"எவ்ளோ நேரத்துல இறங்கியிருப்ப?"

"ஒன்றரை மணி நேரம்."

ராஜாங்கம் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். தெருமுனை வரைக்கும் ஸ்டார்ட் செய்யவில்லை.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். திலகவதி கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு முன்னால் வைத்த இலை இன்னும் எடுக்கப்படவில்லை. பாக்கெட்டில் எழில்மதியின் போனில் கம்பெனியிலிருந்து வந்த மெயில் இருந்தது. மாற்று ஆள் ஏற்பாடாகிவிட்டது, விரும்பினால் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தாள். இந்த ஒரு மாதமாவது அம்மாவோடு இருக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா முந்திக்கொண்டாள்.

"மதி. நான் அன்னிக்கே போன் போட்டிருந்தா, நீ வந்திருக்க முடியுமாடி?"

கேள்வி கேட்டவளின் கைகள் மடியில் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன. வராந்தாவில் போனைப் பிடித்திருந்த கைகள்.

உண்மை நாலு வார்த்தை. சொன்னால் அப்பாவின் நம்பிக்கை பொய்யாகும். அது போகட்டும். அந்த எட்டு நாளும் அம்மாவின் தலையில் இறங்கும். மீதி வாழ்க்கைக்கும் இறங்கும்.

"முடியாதும்மா" என்றாள் எழில்மதி. "கப்பல் நகர்ந்திருக்கும்."

திலகவதி நீளமாக மூச்சு விட்டாள். கைகள் பிரிந்தன. படத்தைப் பார்த்து, "அப்ப நீ சொன்னது சரிதான்யா" என்றாள். வாழ்நாளில் அவரை ஒருமையில் அழைத்தது அந்த ஒரு முறைதான். எழுந்து போய் இலையை எடுத்தாள். பதினாறு நாளில் முதல் தடவையாகத் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். எழில்மதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியவள், துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப கெளம்பற?"

"இருக்கலாம்மா. ஒரு மாசம்..."

"ஒரு மாசமா? இப்பதான சொன்ன நகர்ந்துடும்னு. எவனோ ஒருத்தன் பாவம் உன் எடத்துல குந்திகினு இருக்கான். அவனுக்கும் வூடு வாசல் இருக்காதா?"

வேறு ஆள் இருக்கிறார் என்று எழில்மதி சொல்லிப் பார்த்தாள். அப்பாவின் இடத்தில் ராஜாங்கம் உட்கார்ந்தால் ராஜாங்கத்தின் இடத்தில் யார் உட்காருவது என்று திலகவதி கேட்டாள். முப்பது வருஷம் மெஷின்காரர் வீட்டில் இருந்தவள். அவளிடம் ஷிப்ட் கணக்கில் வாதாடி ஜெயிக்க முடியாது. ஐந்து மணி நேரம் காத்திருந்த பழைய கோபத்தைக் கூட அன்று அவள் எடுக்கவில்லை. அதைப் பற்றி இனிப் பேசப் போவதில்லை என்பது போல இருந்தது.

பெட்டியைத் திலகவதியே கட்டினாள். புளிச்சாதப் பொடி, ஊறுகாய், கம்பளிச் சட்டை. பக்கத்து வீட்டு வீரம்மாள் எட்டிப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறாயே, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள்.

"அது அப்பிடி இல்ல வீரம்மா. இவ எழுந்தா அங்க கப்பல் நகர்ந்துடும். அவரு அடிக்கடி சொல்லுவாரு."

எழில்மதி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். திருத்தவில்லை.

இருபதாம் நாள் காலை வடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திலகவதி கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லப்போகிறவள் போல இருந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"கப்பல் ஏறிட்டா சும்மா சும்மா போன் பண்ணாத" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆவாது. வேலையைப் பாரு."

பஸ் நகர்ந்தது.